ஒரே ஆளாய் இருக்கும்

வவுனியாவில் அந்த நிவாரணக் கந்தோருக்குக் கொம்பியூட்டர் வந்தது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மாசி மாதம். அதுவரைக்கும் முகாம் ஆட்களின் பெயர் இடாப்பு பதினாறு தடித்த கொப்பிகளில் கிடந்தது. ஒவ்வொரு கொப்பியையும் ஒவ்வொருவர் எழுதியிருந்தார். ஒரே ஆள் இரண்டு கொப்பியில் ஏறியிருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை. முகாமில் பலர் இரண்டு நிவாரண அட்டை வைத்து இரண்டு பங்கு எடுக்கிறார்கள் என்று கொழும்பிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்துகொண்டிருந்தது.

கஜேந்தினி அந்தக் கொம்பியூட்டரில் பெயர் அடிப்பதற்கென்று சேர்ந்தவள். இருபத்திமூன்று வயது. உருத்திரபுரத்தில் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்த ஐயாத்துரையின் ஒரே மகள். உயர்தரப் பரீட்சையில் அளவையியலுக்கு மட்டும் ‘ஏ’ எடுத்தாள். பெறுபேறு கைக்கு வரும்போது சண்டையால் ஊரில் ஒருவரும் இல்லை. காடு கடந்து, ஓமந்தை கடந்து, தகப்பனும் மகளுமாக வவுனியா வந்து முகாமில் ஏறினார்கள். கந்தோர் வேலை கிடைத்ததும் அவளுக்கு முகாமுக்கு வெளியே தங்கப் பாஸ் தந்தார்கள். பண்டாரிகுளத்தில் தூரத்து மாமி ஒருத்தியின் வீட்டில் ஓர் அறை. தகப்பன் முகாமிலேயே இருந்தார். அந்தப் பாஸ் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் பாஸும் போகும்.

கந்தோருக்குப் பொறுப்பானவர் ராஜரத்தினம். இளைப்பாறிய கணித வாத்தியார். எதையும் வகுத்து, பிரித்து, ஒழுங்காகச் செய்கிற மனுசன். பதினோராயிரம் பேரையும் கஜேந்தினி அடித்து முடிக்க ஆறு கிழமை எடுத்தது. அந்த ஆறு கிழமையும் அவர் தன் கொப்பியில் ஒரு விதி எழுதிக்கொண்டிருந்தார். பெயர்கள் எல்லாம் இங்கிலிசு எழுத்தில் இருந்தன. ஒரே பெயரை ஒரு கிளாக்கர் ஒருமாதிரியும் இன்னொருவர் வேறுமாதிரியும் எழுதியிருந்தார்கள். அதனால் பெயரிலிருந்து உயிரெழுத்துகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிட வேண்டும். பிறகு தகப்பன் அல்லது புருசன் பெயரின் முதலெழுத்து. பிறகு ஆணா பெண்ணா. கடைசியாகப் பிறந்த திகதி. இந்த நான்கும் ஒத்து வந்தால் அது, அவர் எழுதிவைத்தபடி, “ஒரே ஆளாய் இருக்கும்.”

சும்மா சொல்லக்கூடாது, விதி வேலை செய்தது. முதலில் அகப்பட்டவர்களில் இருபது சோடியை எடுத்துக்கொண்டு அவரே முகாமுக்குப் போய்ப் பார்த்தார். பத்தொன்பது சோடி உண்மையிலேயே ஒரே ஆள். ஒருத்தர் இரண்டு அட்டையையும் தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தார். ராஜரத்தினம் திரும்பி வந்து கந்தோர் முழுக்கத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். அடுத்த நாள் கொம்பியூட்டரில் ஒரு கட்டளை சேர்ந்தது. நான்கும் ஒத்தால் முதல் வரியை வைத்திரு, இரண்டாவது வரியை அழி. முந்நூற்று நாற்பது வரிகள் அழிந்தன.

அந்த முந்நூற்று நாற்பதில் கஜேந்தினிக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருந்தது. ஐயாத்துரை. பிறந்தது முப்பத்தெட்டாம் ஆண்டு சித்திரை பதினேழு. வந்த புதிதில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் காய்ச்சலோடு கிடந்தபோது ஒரு பதிவு. முகாமுக்கு மாற்றியபோது, அட்டை துலைந்துபோச்சு என்று சொல்லி இன்னொரு பதிவு. துலைந்த அட்டை பிறகு சட்டைப் பையிலேயே இருந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டாவது பங்கை விற்று மண்ணெண்ணெய் வாங்கினார். கஜேந்தினிக்கு இது தெரியும். வரி அழிந்ததைப் பார்த்தபோது வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

சித்திரையில் உலர் உணவு கொடுத்த நாள், மீனம்மா கந்தோர் யன்னலுக்கு வந்தாள்.

மீனம்மா தர்மபுரத்துக்காரி. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் எரிந்தபோது புருசன் வீரையாவோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கச்சான் கடலை போட்டு, கிணறு கட்டி வாழ்ந்தவள். வீரையா இடம்பெயர்வில் பாம்பு கடித்துச் செத்துப்போனான். நாற்பது வயது, நல்ல உயரம், எதைச் சொன்னாலும் நிதானமாகச் சொல்லுகிற குரல். அவளுடைய அட்டையை வாங்கிப் பார்த்த கிளாக்கர், இது இரட்டைப் பதிவு, இரத்தாகிவிட்டது என்று சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். துண்டில், இவருடைய சரியான பதிவு பதினான்காம் கொட்டிலில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. மீனம்மா இருந்தது முப்பத்தோராம் கொட்டிலில்.

அவள் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. துண்டை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள். அடுத்த நாள் காலையில் இன்னொரு பெண்ணோடு வந்து யன்னலில் நின்றாள். வந்தவள் குட்டை, சிவலை, முன்பல் இரண்டு இல்லை. கஜேந்தினி யன்னலோரக் கதிரையில் இருந்தாள்.

“பதினாலாங் கொட்டில்ல நான் இருக்கேன்னு எழுதியிருந்துச்சு. சரி, என்னையப் பாத்துட்டு வரலாம்னு போனேன்” என்றாள் மீனம்மா. “இந்தா, கூட்டியாந்திருக்கேன்.”

குட்டைப் பெண்ணின் பெயரும் மீனம்மாதான். தகப்பன் வேலு. மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்து ஓமந்தைக்குக் கிட்ட கூலி வேலை செய்தவள். நேற்றுவரை இருவரும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை. ஒருத்தியின் பெயருக்கு முன்னால் புருசன் வீரையா, மற்றவளுக்குத் தகப்பன் வேலு. இங்கிலிசில் இரண்டுக்கும் ஒரே முதலெழுத்து. பிறந்த திகதி இருவருக்கும் ஐம்பத்தொன்பதாம் ஆண்டு தை முதலாம் திகதி.

கஜேந்தினி அந்தத் திகதியைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை அடித்தது அவள்தான். பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் இல்லாத ஆட்களுக்குக் கொப்பியில் வயது மட்டும்தான் இருந்தது. திகதிப் பெட்டியை வெறுமையாக விட்டால் கொம்பியூட்டர் அடுத்த வரிக்குப் போகாது. ராஜரத்தினத்திடம் கேட்டபோது, தை ஒன்று என்று போடும்படி அவர் சொன்னார். அவளும் போட்டாள். தோட்டத்திலிருந்து வந்தவர்களில் பாதிப்பேரிடம் பத்திரம் இல்லை. வயதைக் கேட்டால் முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அப்படியே நூற்றுக்கணக்கானவர்களை அவள் ஒரே நாளில் பிறக்க வைத்திருந்தாள். பிறகு ஒரே நாளில் பிறந்தார்கள் என்று சொல்லி அதே கொம்பியூட்டர் அவர்களை அழித்திருந்தது.

ராஜரத்தினம் உள்ளேயிருந்து எழுந்து வந்து இருவரையும் பார்த்தார். பிழை நடந்துவிட்டது, திருத்தித் தருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லி, உயரமான மீனம்மாவின் அட்டையைத் தன் கையாலேயே திரும்ப எழுதிக் கொடுத்தார். அவள் அட்டையை வாங்கினாள். ஆனால் போகவில்லை.

தன் கொட்டிலில் மட்டும் ஒன்பது பேருக்கு இப்படித் துண்டு கொடுத்திருக்கிறார்கள் என்றாள். அவர்களையும் அத்தாட்சியோடு தனித்தனியாக வந்து முறைப்பாடு எழுதச் சொல்லும்படி ராஜரத்தினம் சொன்னார்.

“நான் இருக்கேன்னு நான் ஏங்க காட்டணும்? இல்லைன்னு சொன்னது நீங்க. இல்லைங்கிறத நீங்க வந்து காட்டுங்க” என்றாள் மீனம்மா.

அதைச் சொல்லிவிட்டு, குட்டை மீனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதற்கு இரண்டாம் நாள் கஜேந்தினி வேலைக்கு வந்தபோது விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. துண்டு கிடைத்தவர்கள் எல்லாரும், துண்டில் எழுதியிருந்த கொட்டிலுக்குப் போய், தங்கள் ‘சரியான பதிவை’த் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். சோடி சோடியாக நின்றார்கள். இரண்டு கறுப்பையா, ஒருவர் கிழவர், மற்றவர் மீசை முளைத்துச் சில வருடம் ஆனவர். கிழவரின் வயதைக் கொப்பியில் பிழையாக எழுதியிருந்தார்கள். இரண்டு ராமாயி. இரண்டு தங்கம்மா, அதில் ஒருத்தி கையில் பிள்ளையோடு. மொத்தம் இருபத்தேழு சோடி. யாரும் கத்தவில்லை. யாராவது உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தால் எல்லாரும் சோடியாகவே நிமிர்ந்து நின்றார்கள். முன்னுக்கு இரண்டு மீனம்மாவும்.

ராஜரத்தினம் இருபத்தேழு அட்டையையும் திரும்ப எழுதச் சொன்னார். எழுதி முடியப் பின்னேரமாகிவிட்டது. விசயம் அத்தோடு சரி என்றார். வெள்ளிக்கிழமை இடாப்பு கொழும்புக்குப் போகவேண்டும், திருத்தியதை அச்சடித்துத் தா என்றார்.

கஜேந்தினி அச்சடிக்கவில்லை. வராதவர்களைப் பற்றிக் கேட்டாள். துண்டு கிடைத்து, வாசிக்கத் தெரியாமல் எறிந்தவர்கள் இருப்பார்கள். படுக்கையில் கிடப்பவர்கள் இருப்பார்கள். விறாந்தைக்கு வந்து நின்றவர்களுக்கு மட்டும்தான் ஆளாக இருக்கிற உரிமையா என்று கேட்டாள்.

ராஜரத்தினம் கோபப்படவில்லை. அவரிடமும் நியாயம் இருந்தது. கொப்பிக் காலத்தில் எழுதுகிறவனுக்குத் தெரிந்தவர்களுக்கு ஒரு நியாயம், தெரியாதவர்களுக்கு ஒரு நியாயம் நடந்தது; ஆட்கள் மேசையைத் தூக்கி எறிந்த நாளும் இருந்தது. இந்த விதிக்கு முகம் தெரியாது. யார் யாழ்ப்பாணம், யார் தோட்டம் என்று அதற்குத் தெரியாது. அதுதான் அதன் நேர்மை என்று அவர் நம்பினார்.

“எங்கட ரெண்டு பேருக்கும் முன்னால இருக்கிறது வரியள், பிள்ளை” என்றார். “பெயர், எழுத்து, ஆணோ பெண்ணோ, திகதி. அது நாலும் ஒண்டெண்டால் எங்களுக்கு ஆள் ஒண்டு. அதுக்கு மேலால ஆள் எண்டு வேற என்ன இருக்கு?”

“வெளி விறாந்தையில நிண்டதுதான் சேர், ஆள்.”

கஜேந்தினி அவருடைய கொப்பியை எடுத்து, அவர் எழுதிய பக்கத்தை விரித்து மேசையில் வைத்தாள். அளவையியல் வகுப்பில் வாதத்தைக் கூறு கூறாகப் பிரித்துப் பழகிய பழக்கம் அவளுக்கு; எந்தக் கூறில் வாதம் நொண்டுகிறது என்று தேடத் தெரியும்.

“இதில நீங்கள் ‘ஒரே ஆளாய் இருக்கும்’ எண்டு எழுதியிருக்கிறீங்கள். கொம்பியூட்டரில ‘ஒரே ஆள்’ எண்டு போட்டிட்டம். ‘இருக்கும்’ எண்டால் போய்ப் பார்க்கவேணும் எண்டுதானே சேர் அர்த்தம்? தேடுறதுக்கு விதி நல்லது. எங்க தேடுறது எண்டு அது காட்டும். ஆனால் ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு அது சொல்லேலாது.”

“பதினோராயிரம் பேரைப் போய்ப் பார்க்கேலாது. அதாலதான் விதி.”

“பதினோராயிரம் இல்லை சேர். நூற்றியெண்பத்தெட்டு.”

இரண்டு மீனம்மாவும் வந்துபோன அன்றே அவள் எண்ணிவிட்டாள். அழிந்த முந்நூற்று நாற்பதில் நூற்றியெண்பத்தெட்டு வரிகளுக்குப் பிறந்த திகதி தை ஒன்று. நீங்கள் போய்ப் பார்த்த இருபது சோடியும் பத்திரம் உள்ளவர்கள், உண்மையான திகதி உள்ளவர்கள், அதனால்தான் விதி அங்கே ஒரு சோடியைத் தவிர வேறெதிலும் பிழை விடவில்லை என்றாள். திகதி இல்லாதவர்களுக்குத் திகதி கொடுத்தது நாங்கள். நாங்கள் கொடுத்ததையே அவர்களுக்கு எதிராகச் சாட்சி வைத்தோம் என்றாள். முகம் தெரியாத விதி, பத்திரம் உள்ளவர்களின் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறது என்றாள்.

ராஜரத்தினம் கதிரையில் சாய்ந்தார். வெள்ளிக்கிழமைக்கு இடையில் மூன்று நாள்தான் இருக்கிறது, கந்தோர் இடாப்பை வெளியே கொண்டுபோக ஒருவருக்கும் அனுமதி இல்லை, அச்சடி என்று திரும்பவும் சொன்னார்.

அவள் அச்சடித்தாள். அவர் கேட்டதை அல்ல, அந்த நூற்றியெண்பத்தெட்டு வரிகளை. அழிப்பதற்கு முதல் இடாப்பைப் பிரதி எடுத்து வைத்த பிளொப்பி அலுமாரியில் இருந்தது. ஆறு தாள் வந்தது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே படியிறங்கினாள்.

மூன்று நாள் நடந்தாள். மீனம்மாக்கள் இரண்டு பேரும் கூட நடந்தார்கள். எந்தக் கொட்டிலில் யார் என்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் யாரிடம் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. தறப்பாள் கூரைக்குக் கீழே, சேலை கட்டிப் பிரித்த அறைகளுக்குள் குனிந்து குனிந்து போனார்கள். ஓர் இடத்தில் இரண்டு வரிக்கு இரண்டு பேர். இன்னோர் இடத்தில் இரண்டு வரிக்கு ஒரே ஆள்; கேட்டவுடன் அந்த மனுசி இரண்டாவது அட்டையை எடுத்து நீட்டினாள். முப்பத்தோராம் கொட்டிலில் மீனம்மாவின் மைத்துனனிடமே இரண்டு அட்டை இருந்தது. அவன் மீனம்மாவின் முகத்தைப் பார்த்தான். கஜேந்தினி பென்சிலைத் தூக்கினபடியே நின்றாள்.

“எழுது புள்ள” என்றாள் மீனம்மா. “ரெண்டுன்னா ரெண்டு, ஒண்ணுன்னா ஒண்ணு.”

அந்தச் சொல் கஜேந்தினியைச் சுட்டது. அன்று பின்னேரம் அவள் தகப்பனிடம் போனாள். ஐயாத்துரை கொட்டில் வாசலில் சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டாவது பதிவு அழிந்ததை இவ்வளவு நாளும் மறைத்து வைத்திருந்ததாகவும், நாளைக்குக் கந்தோரில் தானே சொல்லப்போவதாகவும் சொன்னாள். அவர் ரியூப்பில் பசை தடவிக்கொண்டே பேசினார். அழிஞ்சது அழிஞ்சபடி கிடக்கட்டும், எதுக்குப் போய்ச் சொல்லவேணும், சொன்னால் உன்ர வேலைக்குத்தான் ஆபத்து என்றார். நான் மற்றவர்களைப் பற்றிப் பேசப் போகும்போது, இவள் தகப்பனுக்காகத்தான் பேசுகிறாள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்றாள் அவள். கடைசியில் அவர் உள்ளே போய் அந்த இரண்டாவது அட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். முகத்தைப் பார்க்காமல்தான் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ராஜரத்தினத்தின் மேசையில் ஆறு தாளும் கிடந்தன. நூற்றியெண்பத்தெட்டில் நூற்று முப்பத்தொருவர் வேறு வேறு ஆட்கள். நாற்பது பேர் உண்மையிலேயே இரட்டைப் பதிவு. பதினேழு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பதினேழுக்கு நேரே அவள் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். தாள்களின் மேல் தகப்பனின் அட்டை. அது என்னவென்று அவளே சொன்னாள்.

ராஜரத்தினம் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தாள்களைத் தொடவில்லை. கந்தோர் கட்டளையை மீறி எழுதிக்கொண்டு வந்த தாளில் தான் கையெழுத்து வைக்கப்போவதில்லை என்றார். பழைய இடாப்பை அச்சடிக்கச் சொன்னார்.

“நான் அடிக்கமாட்டன் சேர். அவையை அழிக்கவேணுமெண்டால் நீங்களே அழியுங்கோ. ஆனால் அதுக்கு முதல் இதில எந்தப் பத்துப் பேரையும் நீங்கள் தெரிஞ்செடுங்கோ. முதல் இருபதைப் பார்த்த மாதிரி இதையும் போய்ப் பாருங்கோ.”

அவர் எழுந்து நின்றார். வெளியே போகச் சொல்லப் போகிறார் என்றுதான் கஜேந்தினி நினைத்தாள். அவர் சிவப்புப் பேனையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தாள்களில் பத்து இடத்தில் புள்ளி வைத்தார். குடையை எடுத்தார். போனார்.

மத்தியானம் கழிந்துதான் திரும்பி வந்தார். சப்பாத்தெல்லாம் செம்மண். ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பத்துப் பேரில் ஏழு பேருக்கு அவள் இரண்டு ஆள் என்று எழுதியிருந்தாள், ஏழும் சரி. ஒரே ஆள் என்று எழுதிய மிச்சம் மூன்றும் சரி. அவர் தாள்களை எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்து வைத்தார். கடைசித் தாளில், கண்டுபிடிக்க முடியாத பதினேழு பேருக்கு நேரே, அவர் கையாலேயே ‘இன்னும் பார்க்கவில்லை’ என்று எழுதினார். இடாப்பு அந்தத் திருத்தங்களோடு கொழும்புக்குப் போயிற்று.

பிறகு கஜேந்தினியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை தொடக்கம் வரவேண்டாம் என்றார். குரலில் கடுமை இல்லை, ஆனால் இளக்கமும் இல்லை. கட்டளை மீறினால் இன்னது என்று எல்லாருக்கும் ஒரு விதி இருக்கிறது, உனக்கென்று அதை வளைக்கேலாது என்றார்.

“ஓம் சேர். ஆனால் காரணம் இடாப்பை வெளியில கொண்டுபோனது எண்டு எழுதுங்கோ. அப்பாவின்ர அட்டை எண்டு எழுதாதேங்கோ. அதைச் சொன்னது நான்.”

அவர் அப்படியே எழுதினார். அவள் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

பாஸ் போனது. மாமி வீட்டு அறையிலிருந்து ஒரு சூட்கேசோடு கஜேந்தினி முகாமுக்குத் திரும்பினாள். முதல் கிழமை தகப்பன் அவளோடு அளவாகத்தான் பேசினார். இரண்டாம் கிழமை, கொட்டில் பிள்ளைகளுக்கு அவள் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியபோது, எங்கேயோ போய் ஒரு பலகை தேடிக்கொண்டு வந்து கறுப்பு மை பூசிக் கொடுத்தார். மீனம்மா பின்னேரங்களில் வந்து பலகைக்கு முன்னால் பிள்ளைகளோடு குந்தியிருப்பாள். தன் பெயரை எழுதப் பழகினாள். குட்டை மீனம்மாவும் பழகினாள். இருவரும் ஒரே சொல்லைத்தான் எழுதினார்கள். ஒருத்தியின் எழுத்து மற்றவளுடையதைப் போல இருக்கவேயில்லை.

ஆடி மாதம் ஒரு காலை, கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பெண் சிவரூபி தாள் ஒன்றோடு கொட்டில் கொட்டிலாக வந்தாள். கொம்பியூட்டரில் அழிக்கிற கட்டளையை ராஜரத்தினம் சேர் எடுத்துவிட்டார், நான்கும் ஒத்து வந்தால் அது இப்போது ஒரு தாளில் அச்சாகும், தாளைக் கொண்டுபோய் ஆளை நேரில் பார்த்து எழுதவேண்டும், இதுதான் தனக்கு முதல் நாள் வேலை என்று வெயிலில் வியர்த்தபடி சொன்னாள். தாளின் தலைப்பில் ‘ஒரே ஆளாய் இருக்கும்; போய்ப் பார்க்கவும்’ என்று இருந்தது. மூன்றாவது வரியில், ஐயாத்துரை கஜேந்தினி. வந்த வருடம் ஒரு பதிவு, வேலை போய்த் திரும்பி வந்தபோது இன்னொரு பதிவு.

சிவரூபி சங்கடத்தோடு, இது நீங்கள் ஒரு ஆளோ, இரண்டு ஆளோ என்று கேட்டாள்.

கஜேந்தினி கையிலிருந்த சோக்கைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றாள்.

“பார்த்திட்டீங்கள்தானே” என்றாள். “ஒண்டு எண்டு எழுதுங்கோ.”